டேப் ஒட்டினால் பாதி வேலைதான்

விற்பனைக்கு வராத புரோட்டோடைப் (சோதனைப் பிரதி) கேம் கார்ட்ரிட்ஜ்களில் உள்ள ஈப்ராம் சிப்பின் (EPROM, புற ஊதா ஒளியால் அழித்து மறுபடி எழுதக்கூடிய நினைவகச் சிப்) கண்ணாடி ஜன்னல்மேல் கறுப்பு டேப் ஒட்டினால் போதும் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. வெளிச்சம் எதிரிதான், நேரடி வெயிலில் சுமார் 1 வாரத்தில், டியூப்லைட்டுக்கு அடியிலேயே கிடந்தால் சுமார் 3 வருடத்தில் டேட்டா அழியலாம் என்று இன்டெல்லின் பழைய டேட்டாஷீட்டிலேயே (சிப்பின் விவரக் குறிப்பு) போட்டிருக்கும். ஆனால் இருட்டில் வைத்தாலும் டேட்டாவாக உள்ளே பிடித்து வைத்த மின்னூட்டம் மெல்லக் கசியும். சூடு ஏற ஏறக் கசிவும் கூடும். தண்டையார்பேட்டையில் சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே பரணில் போட்டு வைத்தால் என்ன ஆகும், சொல்லவா வேண்டும்?

முதலில் சிப்பை ஈப்ராம் புரோகிராமரில் (சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் கருவி) போட்டு டேட்டாவை ஃபைலாக எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று தடவை எடுத்து செக்சம் (ஃபைலின் டேட்டாவிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பிடுங்கள். தடவைக்குத் தடவை மாறினால் உடனே சிப்பைக் குறை சொல்லாமல் அதன் உலோகக் கால்களைப் பாருங்கள். ராயபுரம், காசிமேடு உப்புக்காற்றில் வெள்ளி மாதிரி மின்னிய கால் கறுத்து நிற்பது சர்வசாதாரணம். துடைத்த பிறகும் மாறினால்தான் பிட் (டேட்டாவின் 0 அல்லது 1) மங்குகிறதோ என்று சந்தேகிக்கலாம்.

அப்புறம், பழைய ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். பேனாவில் எழுதிய தேதியும் வெர்ஷனும் அதில்தான் இருக்கும். அலுமினிய டேப் ஒட்டுகிறவர்கள் ஜன்னல் அளவுக்கே வெட்டுங்கள், காலில் பட்டால் ஷார்ட்.

ஒரு சந்தேகம்: உங்கள் படத்தில் ஜன்னல் திறந்தே இருக்கிறதே, போட்டோ எடுத்ததும் மூடிவிட்டீர்களா?