எந்த ஹெலிகாப்டர் போக வேண்டும் என்பதைப் படைகளின் போட்டி முடிவு செய்யவில்லை

பிரிட்டனில் விமானப்படையும் கடற்படையும் முட்டிக்கொண்டதால் ஹெலிகாப்டர் மீட்பு தாமதமானது, அதனால்தான் 2015இல் அந்தப் பணி தனியாரிடம் போனது என்பது தவறு.

போட்டி இருந்தது, மறுக்கவில்லை. இரண்டும் மீட்புக்குப் பறக்கவிட்டது சீ கிங் ரக ஹெலிகாப்டர். விமானப்படையுடையது மஞ்சள். கடற்படையுடையது சிவப்பும் சாம்பலும். செய்திப் படத்தில் எந்த நிறம் வருகிறது என்ற சீண்டலெல்லாம் சகஜம். ஆனால் எதை அனுப்புவது என்று தீர்மானித்தது ஸ்காட்லாந்தின் கின்லாஸில் இருந்த ஒருங்கிணைப்பு மையம். தூரம், வானிலை, எரிபொருள், வேலைக்குத் தோதான ஹெலிகாப்டரா என்பதுதான் கணக்கு. கடலோரக் காவல் அமைப்பின் ஒப்பந்த ஹெலிகாப்டர்களும் அதே பட்டியலில்தான். பகலில் 15 நிமிடத்துக்குள், இரவில் 45 நிமிடத்துக்குள் கிளம்ப வேண்டியிருந்தது.

செய்முறையிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆடும் படகில் ஆளைத் தூக்க முதலில் எடை கட்டிய வழிகாட்டிக் கயிறு இறங்கும். படகில் இருப்பவர் அதைக் கையால் இழுத்துப் பிடிக்கலாம். எங்கேயும் கட்டிவிடக் கூடாது. கட்டினால் ஹெலிகாப்டர் படகோடு பிணைந்துவிடும். அதற்காகவே ஹெலிகாப்டரிலிருந்து இறங்கும் தூக்குவடத்தின் கொக்கிக்கும் இந்தக் கயிற்றுக்கும் நடுவே, இழுவை மீறினால் அறுந்துபோகும் இணைப்பு ஒன்று உண்டு. கொக்கி தண்ணீரையோ தளத்தையோ தொடுவதற்கு முன் கை வைத்தால் நிலைமின்சாரம் நன்றாகவே அடிக்கும், நிறம் எதுவானாலும்!

தனியார்மயத்துக்குக் காரணம் வேறு: சீ கிங்குக்கு வயதாகிவிட்டது. ராணுவ, சிவில் ஊழியர்கள் கலந்து பறக்கும் திட்டம் முதலில் இருந்தது. ஏலத்தில் முறைகேடு தெரியவந்ததால் 2011இல் ரத்தானது. அதன்பிறகுதான், 2013இல், பிரிஸ்டோ என்ற தனியார் ஹெலிகாப்டர் நிறுவனத்துக்கு ஒப்பந்தம்.