அம்மா சொல்லிக்கொடுத்த சமையல் அல்ல

மிஷேல் ஸானர் ஜப்பானிய வம்சாவளிப் பாடகி என்றும், சாகும் தறுவாயில் அம்மா சொல்லிக்கொடுத்த சமையல் குறிப்புகளைத்தான் ‘க்ரையிங் இன் எச் மார்ட்’ என்று புத்தகமாகப் போட்டார் என்றும் மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

‘ஜாப்பனீஸ் பிரேக்ஃபாஸ்ட்’ அவருடைய இசைக்குழுவின் பெயர், அவ்வளவுதான். அவர் 1989-இல் தென்கொரியாவின் சோல் நகரில் பிறந்தவர். அம்மா கொரியர், அப்பா அமெரிக்கர். வளர்ந்தது அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து யூஜீன் ஊரில். 2021-இல் வந்த அந்தப் புத்தகமும் சமையல் நூல் அல்ல, நினைவுக்குறிப்பு.

சரி, பெயர்க் குழப்பம் யாருக்கும் வரலாம். எனக்கு வருத்தம் தருவது இரண்டாவது தவறுதான். 2014-இல் புற்றுநோயால் அம்மா இறந்தபோது ஸானருக்கு வயது 25. அம்மா படுத்த படுக்கையாக இருந்த நாட்களில், பார்த்துக்கொள்ள வந்த அம்மாவின் தோழி ஒருவர் பைன் கொட்டைக் கஞ்சி காய்ச்சித் தந்தார். மகள் கேட்டும் செய்முறையைச் சொல்லித்தரவில்லை. அம்மா போன பிறகு, மாங்சி என்ற கொரியப் பெண்மணியின் யூடியூப் காணொளிகளைப் பார்த்துத்தான் ஸானர் அந்தக் கஞ்சியைக் கற்றுக்கொண்டார். அப்புறம் கிம்ச்சி என்ற கொரியக் காய்கறி ஊறுகாயும் போட ஆரம்பித்தார்.

எச் மார்ட் என்பது அமெரிக்காவில் உள்ள கொரிய மளிகைக் கடைகள். அங்கே அவர் அழுவதற்குக் காரணமே, வீட்டில் எந்தக் கடல்பாசி வாங்குவோம் என்று போன் போட்டுக் கேட்க இனி ஆள் இல்லை என்பதுதான். அம்மா எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார் என்று எழுதினால் அந்த அழுகைக்கே இடமில்லாமல் போய்விடுகிறது. தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள்.