ஜனங்க ரூல்ஸ ஃபாலோ பண்றதுக்கு ஃபைன் பயம் மட்டும்தான் காரணம்னு சொல்றது தப்பு

"ஃபைன் போட்டா போதும், ஜனங்க தானா ரூல்ஸ ஃபாலோ பண்ணுவாங்க"ன்னு மேல போட்டிருக்கீங்க, அது சரியில்லங்க. இஸ்ரேல்ல ஹைஃபா ஊர்ல 10 டே கேர்ல பண்ண ஆராய்ச்சி 2000-ல வெளிவந்துச்சு, பிள்ளைய கூட்டிட்டுப் போக 10 நிமிஷத்துக்கு மேல லேட்டா வந்தா 10 ஷெக்கல் (இஸ்ரேல் நாட்டுக் காசு) ஃபைன்னு அதுல 6 இடத்துல மட்டும் போட்டுப் பார்த்தாங்க, லேட்டா வர்றது குறையறதுக்குப் பதிலா கிட்டத்தட்ட ரெண்டு மடங்காயிடுச்சு! முன்னாடி டீச்சர் நமக்காக உக்காந்திருப்பாங்களேன்னு ஒரு கூச்சம் இருந்திருக்கும், காசுன்னு வந்ததும் 'அதான் குடுக்கறோமே'ன்னு ஆயிடுச்சுன்னுதான் ஆராய்ச்சி பண்ணவங்க விளக்கம். அப்புறம் ஃபைனை எடுத்தும் பழைய நிலைமை திரும்பல. ஃபைன் பெருசா இருந்தா குறைஞ்சிருக்கலாம், அத மறுக்கல, ஆனா "போட்டா போதும்"ங்கற வரிய மாத்திடுங்க, நெறைய பேரு அப்படியே நம்பி ஷேர் பண்றாங்க.