நடுவில் நிற்பவனுக்கு என்ன பழமொழி?

மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புது மண்டபத்தில், யாளி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, அதன் காலடியில் மெஷின் போட்டுத் தைத்தவர்களில் காதர் பாயும் ஒருவர். கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியபோது அவரோடு கிளம்பி வந்தவை மூன்று: ஒரு மிதி மெஷின், ஒரு கத்தரி, ஒரு சாக்கு நிறைய அளவு நோட்டு. தலையணை உறைக்காக நான் ஸ்டூலில் காத்திருந்த ஒரு சாயங்காலம் முருகேசன் உள்ளே வந்தார். ஒரு கையில் ஆறு பேன்ட். போட்டிருந்த ஏழாவதை இன்னொரு கையால் இடுப்போடு பிடித்துக்கொண்டிருந்தார்.

முருகேசன்: பாய், ஆறையும் பிடித்துக் கொடுங்க. இடுப்பு 40 இப்போது 35. மிச்சத் துணியை வெட்டி எறிந்துவிடுங்க.

காதர் பாய்: வெட்ட மாட்டேன்.

முருகேசன்: ஆளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையே!

காதர் பாய்: (மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து) பார்த்துவிட்டேன். வெட்ட மாட்டேன்.

முருகேசன்: 92 கிலோ இருந்தவன் பாய். இப்போது 78. ஐந்தரை மாதத்தில் 14 கிலோ!

காதர் பாய்: மாஷா அல்லாஹ். உட்கார் தம்பி. பேன்ட்டை மட்டும் விட்டுவிடாதே.

(சாக்கைக் கிளறி ஒரு நோட்டை எடுக்கிறார். அட்டை போய் நூலால் கட்டிய நோட்டு.)

காதர் பாய்: நீ ஏழாம் வகுப்பு படிக்கும்போதே டிராயர் தைத்துக் கொடுத்தவன் நான். கேள். 2016, இடுப்பு 38. 2018, 'வாக்கிங் போகிறேன் பாய்', 35. பிடித்தேன். அடுத்த வருஷம் 38. பிரித்தேன். 2020, ஊரடங்கு, அளவு எடுக்கவில்லை, ஊரே கைலியில் இருந்தது. 2022, 'பேலியோ பாய், சோறே தொடுவதில்லை', 36. பிடித்தேன். 2023, 40. பிரித்தேன். இந்தப் பின்தையலைத் தூக்கி வெளிச்சத்தில் பார். ஊசி போன ஓட்டைகள். இதில் மாவு சலிக்கலாம்.

முருகேசன்: அது என்ன, என் இடுப்பு மட்டும் பென்சிலில் எழுதியிருக்கிறது? மற்றவர்களுக்கெல்லாம் பேனா!

காதர் பாய்: உன் நீளம் பேனாவில்தான் இருக்கிறது, பார். மாறாததைப் பேனாவில் எழுதுவேன்.

(முருகேசன் முகம் விழுந்துவிட்டது. எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.)

முருகேசன்: என்மேல் நம்பிக்கை இல்லையா பாய்?

காதர் பாய்: உன்மேல் இருக்கிறது. உன் இடுப்புமேல்தான் இல்லை. தொழில்முறையிலும் சொல்கிறேன், 40-ஐப் பின்பக்கம் மட்டும் பிடித்து 35 ஆக்கினால் பின் பாக்கெட் இரண்டும் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொள்ளும். எந்தப் பாக்கெட்டில் கையை விட்டாலும் பர்ஸ் அடுத்த பாக்கெட்டில் இருக்கும்.

முருகேசன்: இந்தத் தடவை பழைய மாதிரி இல்லை பாய். படித்துவிட்டு இறங்கியிருக்கிறேன். அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், 1945-ல், ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களை ஆறு மாதம் அரை வயிற்றோடு வைத்தார். உடம்பில் கால்வாசி எடை போய்விட்டது. அப்புறம் இஷ்டம்போல் சாப்பிடுங்கள் என்று விட்டால், வயிறு முட்டத் தின்றும் பலருக்குப் பசி அடங்கவில்லை. கொழுப்பு பழைய அளவையும் தாண்டிப் போனது.

காதர் பாய்: அவர்கள் பேன்ட்டை எந்த டைலர் பிரித்தார்?

முருகேசன்: அதை எழுதவில்லை பாய்.

காதர் பாய்: எங்கள் உழைப்பை எவன் எழுதினான்! சரி, நீ என்ன சாப்பிட்டாய்?

முருகேசன்: நான் பட்டினியெல்லாம் கிடக்கவில்லை. காலையில் கொள்ளுக் கஞ்சி. மதியம் கொள்ளு ரசம், ஒரு கரண்டி சோறு. ராத்திரி முளைகட்டின கொள்ளு.

காதர் பாய்: குதிரைக்குத் தோழனாக இருந்திருக்கிறாய். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பார்கள். இப்போதுதான் இளைத்தாகிவிட்டதே. இனிமேல் எள்ளா?

முருகேசன்: வீட்டிலும் இதே கேள்விதான். எள்ளுருண்டை பிடிக்கட்டுமா என்று கேட்கிறாள். கொள்ளையும் நிறுத்தியாச்சு, எள்ளும் கூடாது. நடுவில் நிற்பவன் என்ன சாப்பிடுவது என்று பெரியவர்கள் சொல்லாமலே போய்விட்டார்கள் பாய்!

(இந்த இடத்தில் மெஷின் நின்றது. நானும் யோசித்துப் பார்த்தேன். நிஜமாகவே இல்லை.)

காதர் பாய்: பின்னே உன் திட்டம் என்ன?

முருகேசன்: இலக்கு 78. வந்தாச்சு. திங்கள்கிழமையிலிருந்து பழைய வாழ்க்கை. வாக்கிங் இல்லை. வண்டியூர் தெப்பக்குளத்தை ஐந்தரை மாதமாகத் தினம் சுற்றியிருக்கிறேன். அம்மனே வருஷத்துக்கு ஒரு நாள்தான் தெப்பத்தில் ஏறிச் சுற்றுகிறாள்.

காதர் பாய்: சாப்பாடு?

முருகேசன்: அளவாகத்தான். முன்பு சாப்பிட்ட அளவு.

காதர் பாய்: தம்பி, 92 கிலோ ஆளுக்குச் சட்டைத்துணி இரண்டரை மீட்டர் எடுக்கச் சொல்வேன். 78 கிலோ ஆளுக்கு இரண்டு போதும். நீ இளைத்த பிறகும் பழக்கதோஷத்தில் இரண்டரையே வாங்கினால், மிச்ச அரை மீட்டர் எங்கே போகும்?

முருகேசன்: உங்கள் கடையில் என்றால் உங்கள் பேரனுக்குச் சட்டையாகப் போகும்.

காதர் பாய்: (இருமுகிறார்) சாப்பாட்டில்?

முருகேசன்: ...இடுப்புக்கு.

காதர் பாய்: பின்னே?

முருகேசன்: டயட்டீஷியனும் அதையேதான் சொன்னார். சின்ன உடம்புக்குச் செலவு குறைவு, அதே தூரம் நடந்தாலும் சுமக்கிற பாரம் குறைவு என்று. இன்னொரு கொடுமையும் இருக்கிறது பாய். அமெரிக்க டிவியில் எடை குறைக்கும் போட்டி நடத்தினார்கள் இல்லையா, அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்துப் பார்த்து, 2016-ல் வெளியிட்டார்கள். சும்மா படுத்திருந்தால்கூட உடம்பு செலவழிக்க வேண்டிய கலோரியில் தினமும் சுமார் 500 குறைத்தே செலவழிக்கிறதாம்.

காதர் பாய்: 500 என்றால் இட்லியில் சொல்.

முருகேசன்: சட்னி சாம்பார் இல்லாமல் ஏழெட்டு.

காதர் பாய்: இளைத்த குற்றத்துக்குத் தினம் ஏழெட்டு இட்லி அபராதம்! ஆறு வருஷமாக!

முருகேசன்: அவர்கள் பேய்த்தனமாக இளைத்தவர்கள். நமக்கு அவ்வளவு விழாது. ஆனால் பசி விழும். லெப்டின் என்று ஒரு ஹார்மோன், 1994-ல் கண்டுபிடித்தார்கள். கொழுப்பிலிருந்து சுரப்பது. கொழுப்பு குறைந்தால் அதுவும் குறையும். உடனே மூளை, 'ஊரில் பஞ்சம் வந்துவிட்டது, கண்டதைத் தின்றுவை' என்று தண்டோரா போடும்.

காதர் பாய்: நீ டவுன்ஹால் ரோட்டில் போகும்போது தண்டோரா பலமாகக் கேட்குமே.

முருகேசன்: கறி தோசைக் கல்லில் முட்டை விழுகிற சத்தம் ஒரு தெரு தள்ளிக் கேட்கிறது பாய். முன்பெல்லாம் இப்படிக் கேட்டதே இல்லை.

(அந்த 'சொய்ங்' என்ற சத்தத்தை வாயாலேயே செய்து காட்டினார். எனக்கும் பசித்தது.)

முருகேசன்: அதே 1994-ல்தான் அமெரிக்காவில் ஒரு பதிவேடும் ஆரம்பித்தார்கள். எடை குறைத்து அப்படியே வைத்துக்கொண்டவர்களின் பட்டியல். பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்ந்திருக்கிறார்கள். குறைந்தது 13.6 கிலோ குறைத்திருக்க வேண்டும். நான் 14! தாராளமாகச் சேரலாம்.

காதர் பாய்: தாராளம் என்ன, 400 கிராம். ஒரு பரோட்டா பார்சலுக்குத் தாங்காது. வேறு நிபந்தனை ஏதும் உண்டா?

முருகேசன்: (குரல் தாழ்ந்து) குறைத்ததை ஒரு வருஷமாவது காப்பாற்றியிருக்க வேண்டும்.

காதர் பாய்: என்ன? காதில் விழவில்லை.

முருகேசன்: ஒரு வருஷம் பாய்!

காதர் பாய்: பார்த்தாயா! அமெரிக்காக்காரனும் பென்சில்தான் வைத்திருக்கிறான்! 1994-ல் நான் பிளீட் வைத்த பேகி பேன்ட் தைத்துக்கொண்டிருந்தேன், அப்போதே நமக்குப் பங்காளி ஒருத்தன் இருந்திருக்கிறான். அவன் நோட்டில் இருக்கிறவர்கள் என்னதான் செய்கிறார்களாம்?

முருகேசன்: பெரிசாக ஒன்றும் இல்லை. அதுதான் எரிச்சல். பத்துக்கு ஒன்பது பேர் தினம் சராசரியாக ஒரு மணி நேரம் உடம்பை அசைக்கிறார்கள், பெரும்பாலும் நடைதான். முக்கால்வாசிப் பேர் வாரம் ஒரு தடவையாவது எடை பார்க்கிறார்கள். நிறையப் பேர் காலைச் சாப்பாட்டை விடுவதில்லை. இரண்டு வருஷம் தாண்டிவிட்டால் அப்புறம் கொஞ்சம் சுலபமாம்.

காதர் பாய்: அப்படியானால் தெப்பக்குளம்?

முருகேசன்: ...இருக்கிறது. ஆனால் பாய், ஒன்று சொல்கிறேன். குறைக்கிறபோது ஒரு குஷி இருந்தது. ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் '85' என்று போட்டால் இருபது பேர் கை தட்டுவார்கள். '80' போட்டபோது மேலதிகாரி பட்டாசு படம் போட்டார். போன வாரம் '78' போட்டேன். அடேங்கப்பா என்றார்கள். இந்த வாரமும் '78' போட்டேன். ஒருத்தர், 'ஏற்கெனவே போட்டுவிட்டீர்களே சார்' என்றார். மறுபடி '78' போட்டால் குழுவிலிருந்தே தூக்கிவிடுவார்கள். இருந்த இடத்திலேயே இருப்பதற்கு எவன் பாய் கை தட்டுவான்?

காதர் பாய்: உன் ஆபீஸில் பதினைந்து வருஷமாக அதே நாற்காலியில் இருக்கிறாய், சம்பளம் கொடுக்கிறார்களே.

முருகேசன்: எடை மிஷின் வேறு மானத்தை வாங்குகிறது. முந்தாநாள் திருமங்கலத்தில் ஒரு கல்யாணம். இலையில் அளவாகத்தான் சாப்பிட்டேன். சாம்பார், வத்தக்குழம்பு, ரசம் மூன்றுக்கும் சோறு, பாயசம் இரண்டு தடவை, வற்றல் அப்பளம். மறுநாள் காலையில் ஏறினால் 79.8! சட்டை, வேட்டி இல்லாமல்தான் ஏறினேன். வெள்ளி அரைஞாணையும் கழற்றினேன். 79.7. ராத்திரி ஒன்றும் சாப்பிடாமல் படுத்தேன். என் கதை முடிந்தது, இனி 92-தான் என்று வீட்டில் சொல்லி அழாத குறை.

காதர் பாய்: அரைஞாண் நூறு கிராமா? நல்ல கனமான சாமான்தான். சரி, ஒரே நாளில் எப்படி ஏறும்?

முருகேசன்: கணக்குப் போட்டேன். ஒரு கிலோ கொழுப்பு ஏற உடம்புக்குத் தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி போக வேண்டும். நூறு இட்லிக்கு மேல். அந்தப் பந்தியில் அவ்வளவு பேர் சாப்பாட்டையும் நானா சாப்பிட்டேன்? பாதி தண்ணீர்தான். உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். சோற்றுச் சத்தை உடம்பு சேமிக்கும்போது ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீரும் சேர்ந்து தங்கும். மிச்சம் சாப்பாடே இன்னும் உள்ளே இருந்திருக்கும். இன்று காலை பார்த்தேன், 78.4.

காதர் பாய்: கணக்குத் தெரிந்தும் ஏன் பட்டினி கிடந்தாய்?

முருகேசன்: கணக்கு மறுநாள் சாயங்காலம்தான் போட்டேன் பாய்.

(காதர் பாய் எழுந்து நின்றார். கைலிக்கு மேல் கட்டியிருந்த அகலமான பச்சை பெல்ட்டைத் தட்டினார். ஓட்டைகள் வரிசையாக இருந்தன. இரண்டு மட்டும் தேய்ந்து நீண்டு, புளியங்கொட்டை வடிவத்துக்கு வந்திருந்தன. மற்றவை கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே புதுசு.)

காதர் பாய்: நோன்பு மாதத்தில் இந்த உள் ஓட்டை. பெருநாள் பிரியாணி முடிந்தால் இந்த வெளி ஓட்டை. அடுத்த ஓட்டையை ஊக்கு தொட்டால் அன்றைக்கு ராத்திரிக்குக் கஞ்சி. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். எடை மிஷின் ஏறியதில்லை.

முருகேசன்: எத்தனை வருஷமாக?

காதர் பாய்: பெல்ட் மூன்று மாறியிருக்கிறது. எல்லாவற்றிலும் இதே இரண்டு ஓட்டைதான். எல்லோரும் தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்டியபோது நானும் மாட்டினேன். ஆறு மாதத்தில் மூன்றாவது ஓட்டை. கழற்றி எறிந்துவிட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தேன்.

முருகேசன்: அப்படியானால் 78 என்று ஒற்றைக் காலில் நிற்க வேண்டாம் என்கிறீர்கள். 77-லிருந்து 80 வரை?

காதர் பாய்: கல்யாணச் சீசனில் நீயே பார்த்துக்கொள். 80-ஐத் தாண்டினால் நேரே இங்கே வா. நான் இஞ்சு டேப்பைக் காட்டிப் பயமுறுத்துகிறேன்.

முருகேசன்: கொள்ளு?

காதர் பாய்: வாரம் இரண்டு நாள் ரசம் வை, போதும். தினமும் கொள்ளு என்றால் ஒரு மனுஷன் அதை எத்தனை வருஷம் தின்பான்? நீயே மூன்றாவது தடவையாக வந்திருக்கிறாய். மிச்ச நாளைக்கு வீட்டில் இருக்கிற குழம்புதான், சோறு மட்டும் இரண்டு மீட்டர்.

முருகேசன்: எள்ளுருண்டை?

காதர் பாய்: ஒன்று தரச் சொல். எண்ணி ஒன்று.

(பேரம் ஆரம்பித்தது. ஆறு பேன்ட்டில் ஒன்றை மட்டும் இப்போது பிடிப்பது, அதுவும் பாக்கெட்டைக் கழற்றி, சைடையும் பிரித்து, ஒழுங்காக. உள்ளே ஒன்றரை இஞ்ச் துணி விடப்படும், வெட்டப்படாது. புதுசாக ஒன்று தைப்பது. மிச்சம் ஐந்து பேன்ட்டும் காதர் பாய் கடைப் பரணில் ஒரு வருஷம் அடமானம். மாதம் முதல் தேதி வந்து இலவசமாக அளவு கொடுத்துவிட்டுப் போக வேண்டும். போட்டிருக்கும் பேன்ட் தெருவில் விழாமல் இருக்க, பின்னால் ஓட்டுத் தையலாக நான்கு இழுப்பு, இப்போதே, நின்றபடியே. இதற்கு மட்டும் முப்பது ரூபாய்.)

முருகேசன்: முப்பதா? நான்கு தையலுக்கா?

காதர் பாய்: அசையாதே. ஊசி சதைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. முன்பெல்லாம் இங்கே பிடிக்க இவ்வளவு துணி கிடையாது.

(முருகேசனுக்கு இது பாராட்டு என்று புரிய இரண்டு விநாடி ஆனது. புரிந்ததும் முப்பது ரூபாயை எடுத்துக் கொடுத்தார். காதர் பாய் நோட்டைத் திறந்து, தேதி போட்டு, காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.)

முருகேசன்: பாய்... இந்த ஒரு தடவை பேனாவில் எழுதக் கூடாதா?

காதர் பாய்: பேனாவில் மை இல்லை.

முருகேசன்: சட்டைப் பையில் மூன்று பேனா இருக்கிறதே!

காதர் பாய்: அதெல்லாம் அடுத்த வருஷத்துக்கு.

முருகேசன்: அப்படியானால் பென்சில்தானா?

காதர் பாய்: பென்சில்தான். நன்றாக அழுத்தி எழுதியிருக்கிறேன், போ.