பிளாக் பேந்தர்: வில்லன் கேட்ட கேள்வி

2018இல் வந்த 'பிளாக் பேந்தர்' பற்றிப் பேச்சு எடுத்தாலே ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சிக்கு அது வரலாற்றுச் சாதனை, அதில் குறை சொல்லவே கூடாது. இன்னொரு கட்சிக்கு அது வழக்கமான மார்வெல் படம், அதைச் சும்மா தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. இந்தப் படத்தின் பெரிய பலமும் பெரிய பலவீனமும் ஒரே ஆளிடம்தான் இருக்கின்றன: வில்லன் எரிக் கில்மாங்கர். அவனை அவ்வளவு நன்றாக எழுதிவிட்டு, அவன் கேட்ட கேள்வியை நேருக்கு நேர் சந்திக்கப் படம் தயங்கிவிட்டது என்பதுதான் என் ஆதங்கம். இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், முழுக் கதையையும் சொல்லித்தான் பேசப்போகிறேன்.

வகாண்டா என்பது ஆப்பிரிக்காவில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட நாடு. ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1966இல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' காமிக்ஸில் பிளாக் பேந்தரை அறிமுகப்படுத்தினார்கள். வைப்ரேனியம் என்ற அபூர்வ உலோகம் அந்த நாட்டுக்குச் சொந்தம். அதை வைத்து உலகத்திலேயே முன்னேறிய நாடாக வளர்ந்துவிட்டு, வெளியுலகத்துக்கு ஏழை நாடு என்று வேஷம் போட்டு ஒளிந்துகொள்கிறது. அடிமை வியாபாரமும் காலனியாட்சியும் அந்தக் கண்டத்தையே சூறையாடியபோது வகாண்டா மட்டும் தப்பித்தது. சரி, தப்பித்தவர்கள் மற்றவர்களுக்கு என்ன செய்தார்கள்? படத்தின் மையக் கேள்வி இது. இதை ஹீரோ கேட்கவில்லை, வில்லன் கேட்கிறான்.

அவன் முதன்முதலில் வரும் அருங்காட்சியகக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் ஆப்பிரிக்கப் பொருள்கள் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் நிற்கிறான். காபிக் கோப்பையோடு நிற்கும் அருங்காட்சியகத்தின் பெண் நிபுணரிடம் ஒவ்வொன்றாக, இது எந்த ஊருடையது, அது எந்த ஊருடையது என்று கேட்கிறான். கடைசியாக ஒன்றைக் காட்டும்போது அவர் பெனின் (இன்றைய நைஜீரியாவில் இருந்த பழைய அரசு) என்கிறார். இல்லை, பெனினில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் எடுத்தது, ஆனால் பொருள் வகாண்டாவுடையது என்று திருத்துகிறான். அதை எடுத்துக்கொண்டு போகப்போவதாகச் சொன்னதும், இவை விற்பனைக்கு இல்லை என்கிறார் அவர். உன் முன்னோர் இதையெல்லாம் நியாயமான விலை கொடுத்தா வாங்கினார்கள் என்று திருப்பிக் கேட்கிறான். 1897இல் பிரிட்டிஷ் படை பெனின் அரண்மனையைக் கொள்ளையடித்தது நிஜம். அங்கே எடுத்த வெண்கலச் சிலைகள் பல இன்றைக்கும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருப்பதும் நிஜம். வகாண்டா கற்பனைதான், ஆனால் திருட்டு கற்பனை இல்லை. சூப்பர்ஹீரோ படம் ஒன்றில் இந்த விஷயத்தை இவ்வளவு நேரடியாகச் சொல்லி நான் பார்த்ததில்லை.

அதைவிடவும் என்னை உலுக்கியது இன்னொரு காட்சி. அரசனாகிறவன் ஒரு மூலிகைச் சாற்றைக் குடித்து, மண்ணுக்குள் புதைக்கப்பட்டு, முன்னோர் உலகத்துக்குப் போய்வருவது வகாண்டாவின் சடங்கு. ஹீரோவான அரசன் டச்சாலா, அதாவது பிளாக் பேந்தர், போகும்போது ஊதா நிற வானம், விரிந்த புல்வெளி, மரத்தில் சிறுத்தைகள். அவை எல்லாம் முந்தைய அரசர்கள். டச்சாலாவைத் தோற்கடித்து அரியணையைப் பிடித்த கில்மாங்கர் அதே சாற்றைக் குடித்துப் போகும்போது அவன் சேரும் இடம் அமெரிக்காவின் ஓக்லாந்தில் அவன் வளர்ந்த சின்ன அடுக்குமாடி வீடு. ஜன்னலுக்கு வெளியே மட்டும் அந்த ஊதா வானம் தெரிகிறது. முன்னோர் என்று யாருமில்லை, செத்துப்போன அப்பா ஒருவர்தான். எனக்காக அழமாட்டாயா என்று அப்பா கேட்க, எல்லாரும் சாகத்தான் செய்கிறார்கள், இங்கே அதுதான் வாழ்க்கை என்கிறான் சின்னப் பையன். அடுத்த நொடி பையன் இருந்த இடத்தில் வளர்ந்த எரிக், கன்னத்தில் கண்ணீரோடு. கில்மாங்கராக நடித்த மைக்கேல் பி. ஜோர்டன் இந்த இடத்தில் செய்திருப்பதைப் பார்த்த பிறகு அவனை வெறும் வில்லன் என்று எப்படிச் சொல்வது? அவனுக்குப் போய்ச் சேர ஒரு சொந்த ஊர் இல்லை. அப்பாவைக் கொன்றது பெரியப்பாவான அரசர், டச்சாலாவின் அப்பா. பையனைத் தெருவில் விட்டுவிட்டு வந்ததும் அவரே.

இயக்குநர் ரயன் கூக்லர் ஓக்லாந்தில் பிறந்தவர். அந்த வீட்டுக் காட்சிகளில் இருக்கும் உண்மை அங்கிருந்து வந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. வகாண்டாவின் கதையைச் சொல்லும் சின்ன முன்னுரைக்குப் பிறகு படம் 1992 ஓக்லாந்தில், பால் கூடையை வளையமாக மாட்டிப் பையன்கள் கூடைப்பந்து ஆடுவதில் தொடங்குகிறது. பல வருஷம் கழித்து இந்தக் கதை இங்கேதான் வந்து நிற்கும் என்று அப்போது நமக்குத் தெரியாது.

கைவேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரூத் கார்ட்டரின் உடைகள், ஹன்னா பீச்லரின் அரங்க வடிவமைப்பு, லுட்விக் யோரன்சனின் இசை மூன்றும் ஆஸ்கர் வாங்கின. மூன்றும் தகுதிக்குக் கிடைத்தவை. ராணி தலையில் வைத்திருக்கும் அகன்ற தொப்பி, ஜூலு இனத்தில் மணமான பெண்கள் அணிவது. எல்லைக் காவல் இனத்தார் போர்த்தியிருப்பது லெசோதோ மக்களின் கம்பளி. இசைக்காக யோரன்சன் செனகலுக்கே போய், பாடகர் பாபா மாலோடு தங்கிப் பதிவு செய்துவந்தார். டச்சாலாவுக்கு, பேச்சின் ஏற்ற இறக்கத்தைப் போல ஒலிக்கும் ஆப்பிரிக்கப் 'பேசும் மேளம்'. கில்மாங்கருக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபுலா இனத்தாரின் புல்லாங்குழலும் அதன் அடியில் ஹிப்ஹாப் தாளமும். இரண்டு நிலத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டவன் அவன் என்பதை வசனம் இல்லாமலேயே இசை சொல்லிவிடுகிறது. அவன் அரியணையை நோக்கி நடக்கும்போது கேமரா தலைகீழாக ஆரம்பித்து மெல்லச் சுழன்று நேராவதைக் கவனியுங்கள். ஒரு நாடே புரண்டுபோனதை அந்த ஒரு ஷாட்டில் காட்டிவிட்டார்கள்.

டச்சாலாவாக நடித்த சாட்விக் போஸ்மன் பற்றி ஒரு வார்த்தை. கில்மாங்கர் முன்னால் டச்சாலா மங்கிப்போகிறான் என்பது பலரும் சொல்லும் குறை. பாதி ஏற்கிறேன். எழுத்தில் அவனுக்குக் கிடைத்தது குறைவுதான். ஆனால் அந்த அமைதி நடிகரின் பலவீனம் இல்லை. வகாண்டா அரசன் பிரிட்டிஷ் உச்சரிப்பிலோ அமெரிக்க உச்சரிப்பிலோ பேசக் கூடாது என்று பிடிவாதமாக நின்றவர் அவர். யாருக்கும் அடிமைப்படாத நாட்டின் அரசன் ஏன் அடுத்தவன் நாக்கில் பேச வேண்டும்? இரண்டாம் முறை முன்னோர் உலகத்துக்குப் போய், நீங்கள் எல்லாருமே தவறு செய்தீர்கள் என்று அப்பாவைப் பார்த்து அவர் கத்தும் இடம் அவ்வளவு நேரம் அடக்கிவைத்ததன் பலன். 2016இலேயே அவருக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டிருந்தது. அதைச் சுமந்துகொண்டுதான் இந்தச் சண்டைகளை எல்லாம் போட்டிருக்கிறார். 2020இல், 43 வயதில் போய்விட்டார்.

இனி என் மனத்தாங்கல்கள்.

கில்மாங்கரின் கேள்வி நியாயமானது என்று படத்துக்கே தெரியும். அதனால்தான் அவனை நாம் வெறுக்கும்படி செய்ய ஒவ்வொரு பாவமாக அவன் தலையில் ஏற்றுகிறது. கூடவே வந்த காதலியைச் சற்றும் யோசிக்காமல் சுடுகிறான். மூலிகைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வயதான பெண்ணைக் கழுத்தைப் பிடித்துத் தூக்குகிறான். தோட்டத்தையே கொளுத்தச் சொல்கிறான். தோட்டம் எரிவதற்காவது ஒரு அர்த்தம் இருக்கிறது, தனக்குப் பிறகு யாரும் அரசனாக வரக் கூடாது என்று நினைப்பவன் அவன். மற்ற இரண்டும் எதற்கு? கறுப்பின மக்களை விடுவிக்கப் போகிறேன் என்று சொல்பவன் கறுப்பினப் பெண்களையே இப்படி நடத்தினால், அவன் சொல்வதை யோசிக்க வேண்டிய கட்டாயமே நமக்கு இல்லாமல் போகிறது. அது குறுக்கு வழி. அவனை இவ்வளவு கொடூரமாக்காமலேயே தோற்கடித்திருக்கலாம். பழிவாங்கும் வெறியில் தான் வெறுத்தவர்களைப் போலவே ஆகிவிட்டான் என்பது போதுமான காரணம். அதையும் ஓரிடத்தில் டச்சாலா வாயால் சொல்லவே செய்கிறார்கள்.

இதைவிடக் கசப்பது அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் அதிகாரி ராஸ் விஷயம். ஆட்சி மாறும் நேரம் பார்த்து ஒரு நாட்டைக் கவிழ்ப்பது கில்மாங்கருக்கு எங்கள் ஆட்கள் சொல்லிக்கொடுத்த வித்தைதான் என்று ராஸே ஒப்புக்கொள்கிறார். எவ்வளவு கூர்மையான வசனம்! அதைச் சொன்ன அதே ஆளை, வெளியுலகில் இருக்கும் கறுப்பின மக்களுக்காகக் கில்மாங்கர் அனுப்பும் ஆயுதங்களை ஏற்றிப் போகும் வகாண்டா விமானங்களைச் சுட்டு வீழ்த்தும் வீரனாகக் கடைசியில் உட்கார வைத்துவிட்டார்கள். அவர் வசனத்தில் இருந்த உண்மை அந்த நாற்காலியில் காணாமல் போய்விட்டது.

கிளைமாக்ஸ் சண்டை பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள், எனக்கும் அதே எண்ணம்தான். அருவி விளிம்பில் தண்ணீருக்கு நடுவே நடக்கும் இரண்டு மோதல்களிலும் உடம்பின் எடை தெரிகிறது, மூச்சு வாங்குவது கேட்கிறது. தென்கொரியாவின் பூசான் நகரச் சூதாட்ட விடுதியில் கேமரா மாடிக்கும் கீழுக்கும் தாவித் தாவி ஓட, மெய்க்காவல் படைத் தலைவி ஒகோயே தலையில் இருந்த விக்கைக் கழற்றி ஒருவன் முகத்தில் எறிகிறாளே, அதில் இருக்கும் உற்சாகமே வேறு. இறுதியில் சுரங்கத்துக்குள் நடக்கும் சண்டையோ எடையே இல்லாத இரண்டு பொம்மைகள் இருட்டில் மோதுவதாக இருக்கிறது. படத்துக்கு 7 ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன, சிறந்த படம் உட்பட. எந்த சூப்பர்ஹீரோ படத்துக்கும் அதற்கு முன் அந்தப் பரிந்துரை கிடைத்ததில்லை. அந்த ஏழில் விஷுவல் எஃபெக்ட்ஸ் இல்லை. அப்புறம் வகாபி கட்சி மாறுவதும் மனத்தில் ஒட்டவில்லை. டச்சாலாவின் உயிர் நண்பன் இரண்டொரு காட்சியில் எதிரியாகிவிடுகிறான். படையே இரண்டாகப் பிளக்கும் அளவுக்கு அந்த நட்பையும் முறிவையும் நமக்குக் காட்டவே இல்லை.

நான் அதிகம் வருந்துவது டச்சாலா நேசிக்கும் வகாண்டா உளவாளி நாகியாவுக்காக. கில்மாங்கர் வகாண்டாவில் கால் வைப்பதற்கு முன்பே, துன்பப்படுகிறவர்கள் வெளியே இருக்க நான் மட்டும் இங்கே சுகமாக வாழ முடியாது என்று டச்சாலாவிடம் சொன்னவள் அவள். அகதிகளை ஏற்கலாம், அறிவைப் பகிரலாம் என்று வழியும் சொல்கிறாள். கேள்வி இரண்டு பேருக்கும் ஒன்றுதான், அவளிடம் ஆயுதம் மட்டும் இல்லை. முடிவில் ஓக்லாந்தில் எரிக் வளர்ந்த கட்டடங்களை வாங்கி உதவி மையம் தொடங்கும்போது டச்சாலா செய்வது அவள் சொன்னதைத்தான். ஆனால் அவளும் கில்மாங்கரும் எதிரெதிரே நின்று வாதாடும் காட்சி ஒன்றுகூடப் படத்தில் இல்லை. நாகியாவாக லுபிடா நியாங்கோ மாதிரி ஒரு நடிகையை வைத்துக்கொண்டு! சுரங்கச் சண்டையில் 5 நிமிடத்தை வெட்டி அந்த வாக்குவாதத்துக்குக் கொடுத்திருந்தால், உதவி மையம் என்ற முடிவு பலருக்கும் பட்டதுபோல் சப்பென்று பட்டிருக்காது.