கணக்கைப் படிக்காமல் டிஃபரன்ஷியேட் பண்ணாதீர்கள்

எம்.ஏ. பொருளியல் நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்காகவும், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற என்னைப் போன்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நுகர்வோரும் நிறுவனங்களும் எடுக்கும் முடிவுகளைப் பற்றிய மைக்ரோ (நுண்ணியல்) கணக்கில் நம் பிள்ளைகள் திணறுவதற்குக் கணிதம் போதாததுதான் காரணம் என்று நாகர்கோவில் பக்கம் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தேவைப்படும் கணிதத்தைப் பிளஸ் டூவில் கணக்கு எடுக்காத பிள்ளைகூட நாலைந்து மாதத்தில் பிடித்துவிடுகிறது. கணக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்குள் பேனா ஓட ஆரம்பித்துவிடுகிறதே, அதுதான் சிக்கல்.

பி.ஏ. மூன்று வருடமும் வரைவிலக்கணம், இயல்புகள், வரைபடம், குறைபாடுகள் என்று வரிசையாக எழுதிப் பழகிய கை அது. நுழைவுத் தேர்வு அப்படிக் கேட்பதில்லை. டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸுக்கும் ஜே.என்.யூ.வுக்கும் வழியான முதுகலைப் பொது நுழைவுத் தேர்வான சி.யூ.இ.டி. பி.ஜி.யில் 75 கேள்விகள், சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழிப்பார்கள். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் முதுகலைப் பொருளியல் படிப்பான எம்.எஸ்.கியூ.இ.யின் பழைய நுழைவுத் தேர்வு வினாத்தாள்களை எடுத்துப் பாருங்கள். ஒரு தாள் கணிதம். இன்னொன்றில் பொருளியல் கணக்கைப் படிப்படியாகப் போட்டுக் காட்ட வேண்டும். மனப்பாடம் அங்கே வாசலோடு நின்றுவிடும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஒருவர் கையில் 800 ரூபாய். மீன் கிலோ 200 ரூபாய். மீனின் கிலோ அளவுக்கு இயல் மடக்கை எடுத்து 1000-ஆல் பெருக்கி, அதோடு கையில் மிஞ்சும் பணத்தைக் கூட்டினால் அவருடைய பயன்பாடு. எத்தனை கிலோ வாங்குவார்? பிள்ளைகள் உடனே டிஃபரன்ஷியேட் செய்து (வகையிட்டு), இறுதிநிலைப் பயன்பாட்டை, அதாவது இன்னும் கொஞ்சம் மீன் வாங்கினால் கூடும் பயன்பாட்டை, விலைக்குச் சமப்படுத்துவார்கள். 1000-ஐ மீன் அளவால் வகுத்தால் 200. ஆக, 5 கிலோ. அடிக்கோடு போட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். 5 கிலோவுக்கு 1000 ரூபாய் வேண்டும், அவரிடம் 800தானே இருக்கிறது? மிஞ்சும் பணம் மைனஸ் 200 என்று வருவதை யாரும் பார்ப்பதில்லை. சரியான விடை 4 கிலோ, கையில் ஒன்றும் மிஞ்சாது. நாலு கிலோவை எட்டும்போதும் இறுதிநிலைப் பயன்பாடு 250, விலையைவிட அதிகம். அதனால் பணம் தீரும்வரை மீன்தான் வாங்குவார். கையிலிருக்கும் பணத்தில் எதையெல்லாம் வாங்க முடியும் என்று காட்டும் பட்ஜெட் கோட்டை முதலில் வரைந்திருந்தால் விடை அதன் மூலையில் நிற்பது கண்ணில் பட்டிருக்கும்.

இதைவிட ஆழமான ஒன்று, பொருளியலாளர் கூர்னோ பெயரில் வழங்கும் இரண்டு நிறுவனப் போட்டிக் கணக்கில் இருக்கிறது. குளச்சல் துறைமுகத்தில் இரண்டே ஐஸ் கம்பெனிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 120-லிருந்து இருவரும் கொண்டுவரும் மொத்த ஐஸ் கட்டிகளைக் கழித்தால் விலை. ஒரு கட்டிக்குச் செலவு 30. இரண்டு கம்பெனியும் ஒரே மாதிரிதானே என்று, லாபத்தை எழுதும்போதே இருவரின் அளவும் சமம் என்று போட்டுவிட்டு அப்புறம் டிஃபரன்ஷியேட் செய்தால் ஆளுக்கு 22.5 வரும். ஒவ்வொருவரும் மற்றவரின் அளவு மாறாது என்று வைத்துத் தன் அளவை மட்டும் முடிவு செய்தபிறகு சமப்படுத்தினால் ஆளுக்கு 30 வரும். விலை முதலாவதில் 75, இரண்டாவதில் 60.

இதை வெறும் கைப்பிழை என்று தாண்டிப் போகக் கூடாது. முதலாவது விடை ஐஸ் கம்பெனிக்காரர்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டு விலையை ஏற்றும் உலகம். இரண்டாவது, போட்டி போடும் உலகம். ஒரே ஒரு வரியை முன்னால் எழுதுகிறோமா பின்னால் எழுதுகிறோமா என்பதில் மீனவர் கொடுக்கும் விலை மாறுகிறது. கூர்னோ 1838-இல் ஊற்றுநீர் விற்கும் இரண்டு பேரை வைத்து இதைச் சொன்னார். இந்த ஒரு இடத்தை உண்மையாகப் புரிந்துகொண்ட பிள்ளைக்குச் சில்லோர் முற்றுரிமையில் (சில நிறுவனங்கள் மட்டுமே விற்கும் சந்தை பற்றிய பாடத்தில்) பாதி வேலை முடிந்தது என்பேன்.

நம் பிள்ளைகளுக்கு இதெல்லாம் அந்நியமான விஷயமும் இல்லை. தோவாளைச் சந்தையில் பறித்து வந்த பூ அன்றைக்கே விற்றாக வேண்டும். விலை என்னவானாலும் விற்பனைக்கு வரும் அளவு மாறாததால், மிகக் குறுகிய காலத்தில் அளிப்புக் கோடு ஏன் செங்குத்தாக நிற்கிறது என்பதற்கு வேறு பாடம் வேண்டாம். பொருளியலாளர் மார்ஷலும் இதை விளக்க மீன் சந்தையைத்தான் எடுத்துக்கொண்டார். குலசேகரம் பக்கம் ரப்பர் விலை விழுந்தபோது பால்வெட்டுக் கூலிக்கே கட்டாது என்று மரத்தை அப்படியே விட்டவர்கள் உண்டு. மரம் நட்ட செலவு போனது போனதுதான், அதை இன்றைய முடிவில் சேர்க்க முடியாது. விலை சராசரி மாறும் செலவுக்கு (கூலி மாதிரி உற்பத்தியோடு ஏறி இறங்கும் செலவில் ஓர் அலகுக்கு ஆவது) கீழே போனால் நிறுவனம் உற்பத்தியை நிறுத்தும் என்று புத்தகம் சொல்வது இதைத்தான். இதை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளையே தேர்வில் மரம் நட்டது மாதிரியான நிலையான செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வந்து நிற்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. வீட்டில் தெரிந்ததும் தாளில் எழுதுவதும் ஒன்றே என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

விடைகளோடு சுற்றும் பி.டி.எஃப்.களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப், டெலிகிராம் எங்கும் கிடைக்கிறது. படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். "விடை பாத்தா புரியுது சார், தனியா போட்டா வரமாட்டேங்குது" என்று கேட்காத வாரம் இல்லை. விடையில் இருப்பது போட்டு முடித்த கணக்கு. எங்கே ஆரம்பிப்பது, எதை விடுவது என்று யோசித்த பகுதி அதில் இருக்காது, தேர்வு சோதிப்பதோ அதைத்தான். ஒரு மாலை முழுக்க ஒரே கணக்கோடு உட்கார்ந்து முடியாமல் போனாலும் பரவாயில்லை. அந்த மாலைக்குப் பிறகு விடையைப் பார்த்தால் அது ஒட்டும்.

நான் சொல்லும் வழக்கம் ஒன்றுதான். குறியீடு எழுதுவதற்கு முன் தமிழில் ஒரு வரி எழுதுங்கள்: முடிவெடுப்பது யார், அவர் கையில் இருப்பது எது, எதை அவரால் மாற்ற முடியாது. விடை வந்தபின் அது பூஜ்ஜியத்துக்குக் கீழே போகிறதா, பட்ஜெட்டைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். ஒரு ஸ்பூன் சர்க்கரையோடுதான் டீ குடிப்பேன் என்கிறவரின் சமநோக்கு வளைகோட்டில் (ஒரே அளவு திருப்தி தரும் கலவைகளைக் காட்டும் கோட்டில்) முனை இருக்கும், அங்கே டிஃபரன்ஷியேட் செய்யவே முடியாது. படம் போட்டால் ஒரே நிமிடத்தில் முடிந்துவிடும்.

நம் கல்லூரிகளின் பொருளியல் துறைகளிடம் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு மணி நேரம், நோட்ஸ் எதுவும் கொடுக்காமல், பிள்ளைகளைக் கரும்பலகைக்கு வரச் சொல்லிக் கணக்குப் போட வையுங்கள். களியக்காவிளையைத் தாண்டினால் திருவனந்தபுரத்தில் சி.டி.எஸ். என்கிற வளர்ச்சி ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே எம்.ஏ. படிக்கலாம் என்பதே இங்கே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. அதையும் அந்த வகுப்பிலேயே சொல்லுங்கள். எனக்குக் கணக்கு அனுப்புகிற பிள்ளைகள் விடையை மட்டும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம். அந்தத் தமிழ் வரியையும் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள், அதிலிருந்துதான் திருத்த ஆரம்பிப்பேன்.