"ஒண்ணும் ஆகாது தம்பி" என்று சொல்லியே என் அப்பாவின் வண்டியைக் கவிழ்த்தார்கள்

பாளையங்கோட்டையிலிருந்து மதுரைக்கு 160 கிலோமீட்டர்தான். நான்கு வழிச்சாலை. குண்டு குழி என்று குறை சொல்ல ஒன்றும் இல்லாத ரோடு. அந்த ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிளை முழுசாகக் கொண்டுவந்து சேர்க்க ஒரு ஆளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன். சொல்லிக்கொடுத்தும் கேட்கவில்லை. அதுதான் பத்து நாளாக எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

வண்டி அப்பாவுடையது. யமஹா ஆர்.எக்ஸ் 100, 1994 மாடல். 1996-க்குப் பிறகு கம்பெனி இந்த வண்டியைச் செய்யவே இல்லை. அதனால் ஒரிஜினல் டேங்க், ஒரிஜினல் மட்கார்டு என்பதெல்லாம் இன்று காசு கொடுத்தாலும் லேசில் கிடைக்காத பொருள். அப்பா அதை முப்பது வருஷம் ஒரு கீறல் இல்லாமல் வைத்திருந்தார். முட்டி வலி வந்து கிக்கரை உதைக்க முடியாமல் போன பிறகுதான், "நீ கொண்டுபோய் ஓட்டு" என்று சாவியைக் கொடுத்தார். ஒரு வருஷமாக ஓடாமல் நின்ற வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டு போக வேண்டாம், ஏற்றிக்கொண்டு போய் மதுரையில் மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம் என்று ஒரு குட்டி யானை (டாடா ஏஸ் சரக்கு வண்டி) பேசினேன். வாடகை 5,500 ரூபாய்.

காலையில் குட்டி யானை வந்தது. ஏற்றப் பலகை இல்லை. "நாலு பேரு தூக்குனா ஏறிரும்" என்றார் டிரைவர். சரி, ஆர்.எக்ஸ் நூறு கிலோவைச் சற்றே தாண்டும், தூக்கிவிடலாம். ஆனால் எங்கே பிடித்துத் தூக்குகிறார்கள் தெரியுமா? ஒருவர் இண்டிகேட்டரைப் பிடிக்கிறார். இன்னொருவர் சைலன்சரை. மூன்றாமவர் பின் மட்கார்டின் நுனியை. இண்டிகேட்டர் என்ன கைப்பிடியா? முன்னால் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பிடி, பின்னால் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கம்பியைப் பிடி, கீழே ஃப்ரேமைப் பிடி என்று நான் ஒவ்வொருவர் கையாகப் பார்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. தெருவில் நின்ற பெரியவர் ஒருவர், "பிள்ளை ரொம்பத்தான் பயப்படுதான்" என்றார். ஆமாம், பயந்தேன். என் பொருள், நான்தான் பயப்பட வேண்டும்.

குட்டி யானையின் பாடி ஏழடி நீளம் இருக்கும். ஆர்.எக்ஸ் அதற்குள் நேராக நிற்கும். முன் சக்கரம் கேபின் பக்கத்துத் தகட்டில் முட்டி நிற்க வேண்டும். அதுதான் முதல் விதி. டிரைவர் பிரேக் அடித்தால் பின்னால் இருக்கும் சாமான் எல்லாம் முன்னால் பாயும். வண்டியும் பாயும். சக்கரம் ஏற்கெனவே தகட்டில் முட்டியிருந்தால் பாய இடமில்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அங்கே முன்னால் அவருடைய ஸ்டெப்னி டயரும் சுருட்டிய தார்பாயும் கிடந்தன. "அண்ணே, அதைப் பின்னால் போட்டுட்டு வண்டியை நேரா முட்டி நிறுத்துவோம்" என்றேன். "குறுக்க நிப்பாட்டிக்கிடலாம், ஒண்ணும் ஆகாது தம்பி."

மூலைவாக்கில் குறுக்கே நிறுத்தினார். சைடு ஸ்டாண்ட் போட்டார். நியூட்ரலில் விட்டார். ஒரே ஒரு நைலான் கயிற்றை ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் சுற்றி, பாடியின் கொக்கியில் இரண்டு முடிச்சுப் போட்டார். கை தட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

இதில் எதையெல்லாம் சொல்வது! சைடு ஸ்டாண்ட் என்பது வண்டி சும்மா நிற்கும்போது சாய்ந்து நிற்பதற்கு. வண்டி ஒரு முழம் முன்னால் உருண்டால் போதும், ஸ்டாண்ட் தானாகப் பின்னால் மடங்கிவிடும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டாலும் இதே கதைதான், முன்னால் தள்ளினால் இறங்கிவிடும். அதனால் ஏற்றிய வண்டிக்கு ஸ்டாண்டே கூடாது. ஸ்டாண்டை மடக்கி, முதல் கியரில் போட்டு, இரண்டு பக்கமும் பெல்ட்டால் இழுத்து நேராக நிறுத்த வேண்டும். பெல்ட் ஹேண்டில்பாரின் நுனியில் இல்லை, அதற்குக் கீழே ஃபோர்க்கைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் பக்கம் போட வேண்டும். இழுக்கும்போது முன் ஷாக் அப்சார்பர் பாதி அமுங்க வேண்டும். அப்போதுதான் ரோட்டில் குலுங்கும்போது பெல்ட் தளராது. முழுதாக அமுக்கினால் உள்ளே ஆயிலைக் கசியாமல் பிடிக்கும் சீல் போய்விடும், ஆகவே பாதி. பின்னால் ஃப்ரேமிலிருந்து இன்னும் இரண்டு. மொத்தம் நான்கு. வெறும் கயிறு என்றால், வண்டி ஒவ்வொரு தடவை குலுங்கும்போதும் ஷாக் அப்சார்பர் அமுங்கி எழும், கயிறு ஒரு நூல் தளரும். முப்பது கிலோமீட்டரில் அந்தக் கயிறு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். "நாங்க எத்தன வண்டி ஏத்திருக்கோம் தம்பி, நேத்து ஒரு புல்லட்ட ஏத்திட்டுப் போனேன்" என்றார். பெல்ட் இருக்கிறதா என்றால் இல்லை. பெட்ரோல் டேப்பை மூடியது நான். சீட்டுக்கும் கயிறு உரசும் இடத்துக்கும் பழைய துணி வைத்தது நான். கண்ணாடியைக் கழற்றியது நான். அவர் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். அங்கேயே குட்டி யானையே வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதிரில் சண்டை போட மனசு வரவில்லை, கிளம்பிவிட்டோம்.

கயத்தாறு தாண்டி சாலைப்புதூர் டோல்கேட். வரிசையில் ஒரு லாரி நிற்பதைக் கடைசி நேரத்தில் பார்த்து இவர் பிரேக்கை மிதித்தார். பின்னால் தடார் என்று ஒரு சத்தம். எனக்கு அது இப்போதும் காதில் கேட்கிறது.

இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தால், வண்டி இடது பக்கமாகப் படுத்துக் கிடக்கிறது. முன்னால் உருண்டு, ஸ்டாண்ட் மடங்கி, நான் சொன்னது சொன்னபடி. கிளட்ச் லீவர் முறிந்துவிட்டது. கியர் லீவர் வளைந்துவிட்டது. இடது இண்டிகேட்டர் தூள். டேங்க்கின் பக்கவாட்டில், பாடியின் இரும்புக் கொக்கி குத்தி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நெளிவு. டேங்க் மூடி வழியாகப் பெட்ரோல் கசிந்து தார்பாயில் ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒருவர் பீடி பற்ற வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அப்போது அந்த டிரைவர் சொன்னதைக் கேளுங்கள். "தம்பி, நீங்க வேணா பின்னாடி ஏறி வண்டியப் பிடிச்சுக்கிட்டு வாங்க."

கயிற்றுக்குப் பதிலாக நான்! நூறு கிலோ இரும்பு என் மேல் விழ வேண்டுமா? சரக்கு வண்டியின் பின்னால் ஆள் ஏற்றுவதே சட்டப்படி கூடாது. ஆனால் ரோட்டில் பாருங்கள், எத்தனை வண்டியில் ஒரு பையன் பின்னால் பைக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வருகிறான்! பெல்ட் வாங்கக் காசு இல்லையாம், பையனின் கையும் காலும் மட்டும் இலவசமாம். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இப்போது என்னையே உட்காரச் சொல்கிறார்.

ஏற மாட்டேன் என்றேன். கோவில்பட்டி வரைக்கும் வண்டியைப் படுத்த வாக்கிலேயே அடியில் தார்பாயைத் திணித்து மெதுவாக ஓட்டச் சொன்னேன். ஊருக்குள் லாரி சாமான் விற்கும் கடையில் நான்கு ராட்செட் பெல்ட், அதாவது பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் பெல்ட், வாங்கினேன். நான்கும் சேர்த்து 1,400 ரூபாய். கடைக்காரரே கூட வந்து ஒரு கை கொடுத்தார். ஸ்டெப்னியைப் பின்னால் தள்ளி, சக்கரத்தை முட்டவிட்டு, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. பதினைந்து கிலோமீட்டர் போனதும் ஒரு தடவை நிறுத்தி இறுக்கிப் பார்த்தேன். சாத்தூர், விருதுநகர், திருமங்கலம் என்று அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு அந்த வண்டி ஒரு அங்குலம் நகரவில்லை.

இதுதான் என்னை இன்னும் கொதிக்க வைக்கிறது. இது ஒன்றும் ராக்கெட் விடும் வேலை இல்லை. ஓசூரிலும் ஒரகடத்திலும் செய்கிற புது வண்டிகள் கண்டெய்னர் லாரியில் நாட்டின் அந்தக் கோடி வரைக்கும் போகின்றன, ஷோரூமில் கீறல் இல்லாமல் இறங்குகின்றன. அதே ரோடுதான். அங்கே சரியாகக் கட்டுகிறார்கள், இங்கே கட்டுவதில்லை. கம்பெனி வண்டி என்றால் பணம் பிடிப்பார்கள் என்ற பயம் இருக்கிறது. என் அப்பாவின் வண்டிக்கு யார் கேட்கப்போகிறார்கள்? இன்சூரன்ஸும் கைகொடுக்காது. முழு பாலிசி இருந்தால் ஏற்றிக்கொண்டு போகும்போது ஆகும் சேதத்துக்கும் கேட்கலாம். முப்பது வருஷத்து வண்டிக்கு நாங்கள் போட்டிருப்பது தேர்ட் பார்ட்டி மட்டும்தான்.

மதுரையில் இறக்கியதும் வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொன்னேன். "பிரேக் அடிச்சா விழத்தான் செய்யும், அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்றார். நடுத்தெருவில் கத்திப் பார்த்தேன். கடைசியில் 5,500-ஐயும் எண்ணி வாங்கிக்கொண்டார்.

டிங்கர் கடைக்காரர் டேங்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நெளிவை எடுத்துவிடலாம், ஆனால் அந்தப் பக்கத்துப் பழைய பெயின்ட் நிற்காது என்றார். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் ராத்திரி போன் செய்து, "வண்டி ஸ்டார்ட் ஆயிட்டா?" என்று கேட்கிறார்.

அன்றைக்கு டிரைவர் கிளம்பும்போது, கோபம் அடங்காவிட்டாலும், அடுத்து ஏறப்போகிற எவனோ ஒருவனின் வண்டியாவது தப்பட்டும் என்று நான்கு பெல்ட்டையும் சுருட்டி அவரிடம் நீட்டினேன். "இதை நீங்களே வெச்சுக்கோங்க அண்ணே."

"எனக்கு எதுக்கு தம்பி, அதான் கயிறு கெடக்குல்லா" என்று சொல்லி வண்டியை எடுத்துவிட்டார்.